வாளி நிறைகிற வரை

கல்லை இறக்கி, வாளிமேல் கவிழ்த்திருந்த தட்டை எடுத்துவிட்டு மிரியாமா விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். இன்றும் சில்லென்று இருந்தது. அடியில் கிடந்த மட்டிச் சிப்பிகளில் ஒன்று வாயை லேசாகத் திறந்து, புளிச்சென்று அவள் மணிக்கட்டில் தண்ணீரைத் துப்பியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

இதோடு நாலாவது காலை. டிசம்பர்தான் இங்கே நடுக்கோடை; அந்த வெயிலில், ஒரே தண்ணீரில் கிடக்கிற மட்டி இரண்டாம் நாளே நாறிவிடும். இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாளி அவள் தம்பி ஹேனாரே கொண்டுவந்து வைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், பழைய பெயிண்ட் வாளியில் பாதிக்கு மட்டி பொறுக்கி, மண்ணைக் கக்கட்டும் என்று கடல் தண்ணீர் ஊற்றிப் பின்வாசல் குழாயடியில் வைத்தான். மிரியாமா எட்டிப் பார்த்தாள். மறுநாள் விருந்துக்குப் பதினெட்டுப் பேர். காலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்ததில் அவளுக்கு எரிச்சலான எரிச்சல்.

"இது எந்த மூலைக்குடா காணும்? வாளி நெறையாம இந்தப் பக்கம் தலைய காட்டாத."

"உத்தரவு மகாராணி!" என்று ஒரு சலாம் போட்டான். அவள் பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறேன் என்று சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இருபத்தொன்பது வயசு. அலை அவனை அடித்துக்கொண்டு போனதைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்தார். சாக்கு மட்டும் கரை ஒதுங்கியது.

மறுநாள், விருந்து வேளைக்கு, குடும்பத்தில் மூத்தவரான பீட்டா மாமா ஊர்ப் பெரியவர்களோடு கரைக்குப் போய் ஜெபம் சொல்லி ராஹுயி என்கிற தடையைப் போட்டார். கம்பம் நட்டு, அதில் ஒரு துணியைக் கட்டினார்கள். கடல் ஒருவனை எடுத்து வைத்திருக்கும்போது, அவன் உடம்பு திரும்பி வருகிற வரை அந்தக் கடலில் யாரும் குளிக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்னவும் கூடாது. தேடுகிற படகுகள் மட்டும் போகலாம். கூடாரம் போட்டிருந்த வெளியூர்க்காரர்கள்கூட மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பொஹுட்டுகாவா மரங்கள் கரை நெடுக ரத்தச் சிவப்பாகப் பூத்துக் கொட்டுகின்றன, கடல் கண்ணாடியாகக் கிடக்கிறது, மணலில் ஈ காக்கா இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்தக் கரையை அப்படி யாரும் பார்த்ததில்லை.

அந்த அமளியில் வாளியை எல்லோரும் மறந்துபோனார்கள். தடைக்கு முன்னாலேயே மட்டிகளைக் கடலில் திருப்பி விட்டிருக்க வேண்டும். இனித் தண்ணீரில் கால் வைக்க முடியாது. தின்னவும் முடியாது. "குப்பையில கொட்டிடவா?" என்று அவள் புருஷன் ஹேமி கேட்டதற்கு, "கடல் குடுத்தத குப்பையில போடுவியா நீ?" என்று சீறினாள். வாளி இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாம் நாள் தண்ணீர் குளிர்ந்திருந்தபோது, மகள்தான் கடலுக்குப் போய் வருகிறாள் என்று நினைத்தாள். துயிக்கு ஐந்து வயசு. தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள்.

"கடல் பக்கம் போனியாடி?"

"போகலம்மா. சத்தியமா."

"அப்ப தண்ணிய யாரு மாத்தறது?"

"ஹேனாரே மாமாதான்" என்றாள் துயி, பல் துலக்கிக்கொண்டே. "உள்ள வாங்க மாமான்னு கூப்பிட்டேன். மாட்டேங்குறாரு."

"ஏனாம்?"

"வாளி இன்னும் நெறையலையாம்."

மிரியாமா மகளின் தோளை விட்டாள். அன்றைக்குத் தம்பியைத் துரத்தினபோது பிள்ளைகளும் பக்கத்தில்தானே நின்றன, அதைத்தான் திருப்பிச் சொல்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஹேமியைக் கேட்டாள். "எனக்கு வேற வேலை இல்லையா? பொழுது விடிஞ்சா படகு, அடைஞ்சா படகுன்னு அலையறேன்" என்றான். அவன் கண்கள் உப்பில் சிவந்திருந்தன. அன்று கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டு, வாளிமேல் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு கல்லை வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கல் வைத்தபடியே இருந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. மட்டிகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடற்பாசி, மணி மணியாக, அப்போதுதான் பறித்ததுபோலப் பச்சையாகக் கிடந்தது. அதை எடுக்காமல் தட்டைத் திரும்பக் கவிழ்த்துக் கல்லைத் தூக்கி வைத்தாள்.

நாலாவது நாளான இன்று, துடைக்கத் தோன்றாமல் மணிக்கட்டில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின சாயங்காலம் பீட்டா மாமா வந்து சொன்னது காதிலேயே நின்றது. "அம்மாடி, போலீஸ்காரங்க நாளையோட நிறுத்தறாங்களாம். நம்ம ஆளுங்க தேடுவாங்க. ஆனா நீரோட்டம் வெளிய இழுக்குது. மனச கல்லாக்கிக்கோ." உடம்பு கிடைக்காவிட்டால், ஊர் வழக்கப்படி அவனை வீட்டில் கிடத்தி, புதைக்கிற வரை ராத்திரியும் பக்கத்திலேயே படுத்து அழ முடியாது. அம்மாவை வைத்த மண்ணில் அவனை வைக்க முடியாது. சின்ன வயசில் அவள் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை, அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை, வெளியிலேயே நிற்பான்.

அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை. பாழாய்ப்போன இந்த வாயால்தானே அவனைத் துரத்தினது.

வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உள்ளே மட்டிகள் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று வாயை மூடிக்கொண்டன.

"போதும்டா தம்பி" என்றாள். "நெறஞ்சிருச்சு. எல்லாருக்கும் காணும். அக்கா ஏதோ அடுப்படி கோவத்துல சொல்லிட்டேன். நீ வெறுங்கையோட வாடா. வீட்டுக்கு வந்துடு."

மட்டிகள் எதுவும் அசையவில்லை. குழாய் மட்டும் சொட்டியது. அவள் தட்டைத் திருப்பி மூடினாள், கல்லை வைக்கவில்லை.

மறுநாள் அவள் எழுந்தபோது வெயில் இன்னும் பின்வாசலுக்கு வந்திருக்கவில்லை. துயி குழாயடியில் குந்தியிருந்தாள். தட்டு பக்கத்தில் கிடந்தது.

"அம்மா, இன்னைக்கு தண்ணி மாத்தலியே."

மிரியாமா விரலை விட்டாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மட்டிகள் அத்தனையும் வாயைப் பிளந்து கிடந்தன. வாடை எழும்பியிருந்தது.

அவள் நிமிர்ந்தபோது, கடலிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையில் பீட்டா மாமா தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் ஹேமி, முழங்கால்வரை ஈரம். இருவரும் அவசரப்படவில்லை.

மிரியாமா அவர்கள் வந்து சொல்லும்வரை காத்திருக்கவில்லை. துயியின் கையைக் குழாயில் கழுவிவிட்டு உள்ளே போனாள். முன்னறையில் நின்ற கிறிஸ்துமஸ் மரத்தைப் பரிசுப் பொட்டலங்களோடு சுவரோரம் நகர்த்தினாள். அந்த இடத்தில் மெத்தையை இழுத்துப் போட்டு வெள்ளை விரிப்பை உதறி விரித்தாள். பிறகு அதை ஒட்டினாற்போல் தனக்கு ஒரு பாயை விரித்தாள்.

தலையணை இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.