பதினேழாம் தேதி திறக்கவில்லை

திருவள்ளூர் தொழிலாளர் அலுவலக வராண்டாவில் உட்கார்ந்து ஜெனிபர் பதினோராவது தடவையாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் வெள்ளையாக நின்றது. மணி பத்து இருபது. பதினொன்றுக்கு விசாரணை.

பக்கத்தில் அப்பா எட்வர்ட் வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். துண்டுக்குள் மூன்று விரல். மற்ற இரண்டும் போன மாதம் பதினேழாம் தேதி கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் ரோலருக்குள் போய்விட்டன. 'அன்றைக்கு எட்வர்ட் வேலைக்கே வரவில்லை' என்று ஒப்பந்தக்காரன் கூசாமல் எழுதிக் கொடுத்துவிட்டான். ஏன் கூசப்போகிறான்? ஒப்பந்த ஆட்களுக்கு அடையாள அட்டை கிடையாது. காலையில் கேட்டுக்கு வெளியே ஜீப்பில் இருந்தபடி ஒரு தகர டோக்கன் கொடுப்பான், சாயந்திரம் அதையும் பிடுங்கிக்கொள்வான். ஒரு மனுஷன் உள்ளே போனதற்குத் துரும்பு கூட மிஞ்சாது.

அதற்காகத்தான் ஜெனிபர் விபத்துக்கு முன்பே அந்த இணையதளத்தைக் கட்டினாள். அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஒப்பந்த ஆட்கள் டோக்கன் வாங்கியதும், ஆலைக்குள் விடாத போனை டீக்கடையில் ஒப்படைக்கும் முன், டோக்கனும் கையுமாக ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அறுபது பேர் தினமும் அனுப்பினார்கள். முதலில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் வைத்தாள். ஒப்பந்தக்காரன் புகார் கொடுத்துத் தூக்கவைத்தான். "நம்ம ஊட்டுக்குள்ள இருக்கறத எவன் தூக்கறான்னு பாக்கறேன்" என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தளத்தை ஏற்றி, பீரோவுக்குப் பக்கத்தில் ராத்திரி பகலாக ஓடவிட்டாள்.

போன விசாரணையில் பதினேழாம் தேதிப் படத்தை பிரிண்ட் எடுத்து நீட்டினாள். "பிரிண்டு எப்ப வேணா போடலாமே சார்" என்றான் ஒப்பந்தக்காரனின் ஆள் வெங்கடேசன். அதிகாரி யோசித்தார். "மத்தவங்க படத்தோட, அது இருக்கற எடத்துலயே என் கம்ப்யூட்டர்ல காட்டும்மா. அடுத்த வாட்டி காட்டலேன்னா ஃபைல முடிச்சிருவேன்."

நேற்று கூட திறந்து பார்த்தாள். திறந்தது. திறக்காமல் என்ன? அவள் போன் வீட்டு வைஃபையில் இருந்தது. வீட்டுக்குள் நின்றுகொண்டு, வெளியில் இருக்கிறவனுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்த பட்டதாரி! ஞாயிற்றுக்கிழமை வேறு, யாரும் படம் அனுப்பவில்லை. இன்று பஸ்ஸில் வரும்போதுதான் தினமும் படம் அனுப்புகிற கலியன் அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது: 'பாப்பா, போட்டோ போவல.'

நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"ஊட்டு பிளான்ல சர்வர் ஓட்டக்கூடாதும்மா. வெளியிலேர்ந்து உள்ள வர்ற எண்பது, நானூத்தி நாப்பத்திமூணு, ரெண்டு போர்ட்டையும் சனிக்கிழமையே மூடியாச்சு. மேல ஆர்டர்."

"சொல்லிட்டு மூட மாட்டீங்களா?"

"ஆபீஸ் பிளானுக்கு மாறிக்க. ரெண்டு நாளாவும்."

"எனுக்கு நாப்பது நிமிஷம்தாண்ணா இருக்குது!"

லைன் கட்டானது. படியில் வெங்கடேசன் பல் குத்திக்கொண்டு நின்றான். "இன்னா தங்கச்சி, நெட்டு வரலியா? நாஷ்டாவாவது துன்னியா?"

"துன்னேன். உங்க மொதலாளி சோத்துலதான் எங்கப்பன் வெரலு கெடக்குது. பாத்துத் துன்னச் சொல்லுங்க."

"ஜெனி, கம்முனு இரு" என்றார் அப்பா.

ஜெனிபர் நெட் கம்பெனிக்காரன் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தாள். மூடியது உள்ளே வருகிற வழியைத்தானே என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளிருந்து வெளியே போகிற வழி திறந்தே இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரே வெளியில் இன்னொரு சர்வரைக் கூப்பிட்டு லைனைப் பிடித்துக்கொண்டால், அதன் வழியாகப் படங்களைக் காட்டலாம். பழவேற்காட்டு ஜபீன், கூடப் படித்தவள், வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் வைத்திருந்தாள். கேட்டதும் பாஸ்வேர்டு அனுப்பினாள். ஆனால் கட்டளையை வீட்டில் உட்கார்ந்து அடிக்க வேண்டுமே! வீட்டில் இருந்தது அம்மா ஆரோக்கியமேரி மட்டும்தான். அவளுக்குப் போன் போட்டாள்.

"மா, கம்ப்யூட்டர் முன்னால குந்து."

"ஐயோ, நான் மாட்டேன். தூசி தட்டுனாலே கத்துவ."

"கீபோர்டுல இருக்கறது உன் டப்பா லேபிள்ல இருக்கற எழுத்துதாம்மா."

அம்மா எட்டு வருஷமாக கார் உதிரிபாகம் பேக் பண்ணுகிறவள். இங்கிலீஷில் ஒரு வார்த்தை படிக்க வராது. ஆனால் பதினாலு எழுத்து பார்ட் நம்பரில் ஒன்று தப்பினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"சொல்லு" என்றாள். குரல் வேலைக் குரலாக மாறியிருந்தது.

ஜெனிபர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அம்மா பேக்கிங்கில் செய்வதைப் போலவே ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு அடித்தாள். அவசரத்தில் இவள் நாக்குதான் குழறியது.

"இருடி. மொதல்ல எட்டு சைபர் எட்டு சைபர்ன. இப்ப எட்டு சைபர் எட்டோட நிறுத்திட்ட. எது?"

"மொதல்ல சொன்னதும்மா." மணி பத்து ஐம்பது.

பாஸ்வேர்டில் அம்மா நின்றுவிட்டாள். "ஒண்ணுமே விழலடி."

"விழாது. நீ அடி."

"விழாம எப்டி சரிபாக்கறது?"

"பாக்காம அடிம்மா!"

முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதே பியூன் கூப்பிட்டார். "எட்வர்ட்!"

"ஏதோ நாலு வரி வந்துச்சு. இப்ப சும்மா நிக்குது" என்றாள் அம்மா.

"ஒயர் எதையும் தொடாத. போனக் கட் பண்ணாத."

உள்ளே அதிகாரி ஒற்றை விரலால் ஜபீனின் சர்வர் முகவரியை அடித்தார். வெள்ளைத் திரை. வெங்கடேசன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தேதிகள் வந்தன. பதினேழைத் தட்டினார், அறுபது சின்னக் கட்டம். எட்வர்ட் படம் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. டீக்கடைத் தகரம். தலைமுடி. தூக்கம் தெளியாத கண்.

"தேதிய யார் வேணா மாத்தலாம் சார்" என்றான் வெங்கடேசன்.

படம் இன்னும் இறங்கியது. சட்டைக் காலர். தூக்கிப் பிடித்த வலது கை. நாற்பத்தோராம் நம்பர் டோக்கன். அதைச் சுற்றி ஐந்து விரல்.

அதிகாரி நிமிர்ந்தார். "பெரியவரே, கையக் காட்டுங்க."

அப்பா துண்டை எடுத்தார். அதிகாரி வெங்கடேசன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நாப்பத்தொண்ணு யாருன்னு உங்க ரெஜிஸ்டரக் கொண்டாங்க. அறுபது டோக்கனையும் ஒத்துப் பாத்து எழுதணும். சாயந்திரம் ஆவும்." அவளைப் பார்த்தார். "அதுவரைக்கும் இது நிக்குமாம்மா?"

ஜெனிபர் போனைக் காதில் வைத்து மெல்லக் கேட்டாள். "மா, சாயந்திரம் வரைக்கும் அங்கயே குந்தினு இருக்கணும். ஒரு மணிக்கு உனுக்கு கம்பெனி பஸ்ஸு..."

"லீவு சொல்லிக்கறேன். அறுந்தா மறுபடி அடிக்கணும், அவ்ளோதானே? அந்த நம்பர் எனுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. நீ அங்க வாயக் கொறச்சிக்கினு இரு."