மயில் ஒட்டிய போத்தல்

வாசு கிராணியை யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் பவுனம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அப்படிக் கூப்பிடாதவள் அவள் ஒருத்திதான். பகலெல்லாம் எஞ்சின் ஷெட் ஆபீசில் கரிக் கணக்கும் டூட்டிச் சீட்டும் எழுதுகிற குமாஸ்தா, சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டால் டாக்டராகிவிடுவாராம். கல்கத்தாவிலிருந்து தபாலில் ஒரு மரப்பெட்டி வந்தது, கூடவே ஒரு புத்தகம் வந்தது, படிப்பு முடிந்தது! ஹோமியோபதி என்று அதற்குப் பெயர். அது வாயில் நுழையாத சனங்கள் மயில் மருந்து என்றார்கள். கொடுக்கிற பொட்டலத்திலெல்லாம் மயில் படம் போட்டு, 'வேலும் மயிலும் துணை' என்று அச்சடித்த சீட்டை ஒட்டித் தருவார் கிராணி.

"சீனி உருண்டைய நக்குறதுக்கு வரிசை வேற," என்று குழாயடியில் நாலு பேர் காதில் விழச் சொல்வாள் பவுனம்மாள். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் அவர்களே போய் அந்த வரிசையில் நிற்பார்கள், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அந்த மழைக்காலத்தில் குவாட்டர்ஸ் முழுக்கக் கண்நோவு பரவியது. பவுனம்மாளின் புருஷன் கன்னையாவையும் அது விடவில்லை. அவன் பயர்மேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டே முதுகு வளைந்தவன். கிள்ளான் லைனில் ஒரே ஒரு டிரைவர் வேலை காலியாகியிருந்தது. அதற்குப் போட்டி இவனும் பழனியப்பன் என்கிற இன்னொரு பயர்மேனும்தான். திங்கட்கிழமை வெள்ளைக்கார டாக்டர் கண்ணைச் சோதிப்பார். சிவப்பு நூல், பச்சை நூல் பிரித்துக் காட்ட வேண்டும், தூரத்துக் கொடி என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். தேறினால் டிரைவர், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கரிதான். இந்த நேரம் பார்த்து அவன் கண் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கிப் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள் பவுனம்மாள்.

"கிராணிகிட்டதான் போவேன். நாளைக்கு டூட்டிச் சீட்டு எழுதறவரு அவரு. பகைச்சுக்க முடியுமா?"

கண் அவிகிற நேரத்திலும் காக்கா பிடிக்கிற புத்தி! இப்படி ஒரு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கன்னையா சுவரைத் தடவித் தடவிப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலமும் ஒரு சின்னப் போத்தலும் இருந்தன.

"சொட்டு கண்ணுக்கு, உருண்டை நாக்குக்கு. காலையிலயும் சாயங்காலமும் நீதான் போட்டு விடணும் பவுனு. எனக்குத்தான் கண்ணு தெறக்கலியே," என்றான்.

பவுனம்மாளுக்கு எழுத்து தெரியாது, மயில் தெரியும். பொட்டலத்திலும் மயில், போத்தலிலும் மயில். ஓகோ, சீனி போதாதென்று சீனித் தண்ணீர் வேறா என்று நினைத்தாள். போத்தலைக் கொண்டுபோய் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். உருண்டைகளை மட்டும் கொட்ட மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் சீனி. அவன் கோப்பியில் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவனும் சப்புக்கொட்டிக் குடித்தான்.

கண்ணுக்கு அவள் வேறு வழி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு லெட்சுமி பிள்ளை பெற்றிருந்தாள். காலையும் மாலையும் அவளிடம் போய்ப் பாலாடையில் தாய்ப்பால் வாங்கி வந்து புருஷன் கண்ணில் விட்டாள். ஊரில் எல்லாரும் கண்நோவுக்குச் செய்கிறதுதானே. கன்னையா படுத்தபடியே, "கிராணி சொட்டு என்னமா குளுகுளுன்னு இருக்கு!" என்றான். பவுனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குணமாகட்டும், அப்புறம் குழாயடியில் வைத்து உடைக்கலாம் என்று காத்திருந்தாள்.

கண் குணமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது இமை இன்னும் தடித்து, வெளிச்சம் பட்டாலே அவன் முனகினான். பவுனம்மாள் நேரே கிராணி வீட்டுக்குப் போனாள். வரிசைக்கு இன்னும் ஆள் வரவில்லை, வாசலில் கிராணி மட்டும் நின்றிருந்தார்.

"உங்க மயில் தண்ணியச் சாக்கடையில ஊத்திட்டேன். ஊத்தினது நல்லதாப் போச்சு. நாளைக்கு அவருக்கு டெஸ்ட்டு. நம்பி வந்தவன் கண்ண இப்படியா ஏமாத்துவீங்க?" என்றாள்.

வாசு கிராணிக்கு முகம் வெளுத்துப்போனது. அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அது என் மருந்து இல்லம்மா. ஆஸ்பத்திரிச் சொட்டு. என் மச்சான் அங்க கட்டுப் போடற டிரஸ்ஸர். அவன்கிட்டச் சொல்லி வாங்கியாந்தேன். கண்நோவுக்கு அதுதான் கேக்கும். உருண்டை சும்மா துணைக்குத்தான்."

"அப்புறம் எதுக்கு அதுல மயில ஒட்டுனீங்க?"

கிராணி சட்டைப் பித்தானைத் திருகினார். "குணமானா நம்ம மருந்துன்னு நாலு பேரு சொல்லுவாங்கன்னுதான்." பிறகு, "உருண்டைய என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

"கோப்பியில போட்டுக் குடுத்தேன்."

"துணைய வச்சுக்கிட்டு மருந்த ஊத்திட்டியேம்மா."

நாலு பேர் புகழ வேண்டும் என்று ஊரான் மருந்துக்குத் தன் சீட்டை ஒட்டினானே, என்ன மனுஷன் இவன் என்று பவுனம்மாள் கொதித்தாள். என்ன மருந்து என்று வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் கவிழ்த்தாளே, அவள் யோக்கியதை மட்டும் என்ன வாழ்ந்தது? அவரும் வெளியே சொல்ல முடியாது, அவளும் சொல்ல முடியாது.

அன்று மத்தியானமே புருஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சொட்டு விட்டார்கள். ஆனால் ஒரு ராத்திரியில் என்ன ஆகும்? திங்கட்கிழமை அந்தக் கண்ணைப் பார்த்ததும், ஒட்டுகிற நோய், கிட்டே வராதே என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பழனியப்பன் உள்ளே போய் நூலைப் பிரித்துக் காட்டிவிட்டு டிரைவராகத் திரும்பினான்.

அடுத்த வாரம் கன்னையாவின் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தக் கண்ணோடு தெருத்தெருவாகப் போய், மயில் மருந்துதான் தன் பிழைப்பைக் கெடுத்தது என்று சொன்னான். கிராணி வாசல் காலியானது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குழாயடியில் பெண்கள், "நீ அப்பவே சொன்னியேக்கா," என்று பவுனம்மாளுக்குக் குடத்தைத் தூக்கிவிட்டார்கள். அவள் குடத்தோடு விடுவிடென்று நடந்தாள்.

கன்னையாவைப் பழனியப்பனின் எஞ்சினுக்கே பயர்மேனாகப் போட்டார்கள். முதல் நாள் பவுனம்மாள் தூக்குச்சட்டியோடு ஷெட்டுக்குப் போனாள். மேலே பழனியப்பன் புதுத் தொப்பியோடு நின்றான். கீழே கன்னையா கரியை வாரிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஷவலை ஊன்றி நிமிர்ந்தான்.

"பழனி, இவ தலபாடா அடிச்சுக்கிட்டா, கிராணிய நம்பாதீங்கன்னு. இவ பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு நான் அங்க நின்னிருப்பேன்," என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இனிமே எனக்கு என்ன மருந்துன்னாலும் நீ பாத்துக் குடுக்கிறதுதான் பவுனு," என்றான்.

பவுனம்மாள் தூக்குச்சட்டியை நீட்டினாள். "சோறு ஆறுது, சாப்பிடுங்க," என்றாள்.