உப்பில்லாக் கறி

பருப்புக் கறி ருசியாக இருந்தது. ஸரூக் பயந்ததற்கு அதுதான் காரணம்.

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர், கர்ப்பிணியான அவன் மனைவி ஜெமீலாவின் காலை விரலால் அமுக்கி, விழுந்த பள்ளம் நிரம்பாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, உப்பைக் கண்ணாலும் காணக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனவள். அன்றைக்கே உப்புச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பத்தியம் புருஷனுக்கும் சேர்த்துத்தான். ஆரம்பத்தில் ஸரூக் வைக்கோல் மெல்லும் மாடு மாதிரிதான் சாப்பிட்டான். இப்போது என்னவென்றால் மறுசோறு கேட்கிறான்.

"உண்மையச் சொல்லு புள்ள. உப்புப் போட்டியா?"

"வல்லாஹி, ஒரு கல்லுப் போடல்ல. உங்கட நாக்குப் பழகிட்டு. எனக்கும் இப்ப உப்பில்லாமலே நல்லா ஈக்கிது."

சொல்லும்போதே அவளுக்குப் பெருமை. காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தாள். கணுக்கால் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்தும் ஏன் வற்றவில்லை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஸரூக் கோப்பையை எடுத்து வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான். கரித்தது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கும், ஸரூக்கின் கடை உட்படச் சந்தியில் இருந்த கடைகளுக்கும் தண்ணீர் ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரை காலத்துக் கல் தொட்டி. ஊற்று அதில் வந்து விழும்; அடியில் இருந்து குழாய் இறங்கும். தொட்டிக்கு மேலே ஆள் போகாத ஒரு மாட்டுக் கொட்டில். அந்தக் கொட்டிலில், பழைய சாக்குப் போர்த்திக்கொண்டு, ஸரூக்கின் உப்பு மூட்டைகள் இருந்தன.

தன்னை ஒரு வியாபார மூளை என்று நம்பிக்கொண்டிருந்தவன் அவன். எழுபத்து நாலாம் வருடம். அரிசியும் சீனியும் மாவும் கண்ணாமூச்சி ஆடிய காலம். பண்டாரவளையில் ஒரு லொறிக்காரன், அம்பாந்தோட்டையில் உப்பளமே கரைந்துவிட்டது, இனி உப்புப் பவுனாகும் என்றான். ஸரூக் அள்ளிக்கொண்டு வந்தான். வந்த சூட்டிலேயே, விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடை கடையாகக் குடைகிறார்கள் என்ற பேச்சும் வந்தது. எதிரே நிற்கும் ஆள் தெரியாமல் பனி மூடிய ஒரு பின்னேரம், மூட்டைகளைத் தன் முதுகிலேயே சுமந்து கொட்டிலில் அடுக்கினான். பிறகு மழை பிடித்தது. கொட்டில் கூரையில் இரண்டு தகரம் இல்லை. அவை எங்கே போயின என்று அவனுக்குத் தெரியும். போன வருடம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கித் தன் வீட்டுக் குசினிக் கூரைக்குப் போட்டவனே அவன்தான். குசினி ஒழுகவில்லை.

உப்புப் பவுனாகவில்லை. தண்ணீராயிற்று.

மறுநாள் காலை மலையேறினான். தொட்டிக் கட்டில் மாரிசாமி கம்போடு உட்கார்ந்திருந்தார். தொட்டியைப் பார்த்துக்கொள்வது தோட்டத்தில் அவர் வேலை. சுற்றிலும் லயத்து ஆட்கள்.

"வாங்க நானா. தண்ணி கரிக்குது பாத்தீங்களா? எவனோ அதுல ஒரத்தக் கலக்குறான். கையில கெடைக்கட்டும், அவன உப்புக்கண்டம் போட்டுர்றோம்."

உப்புக்கண்டம் ஸரூக்கின் முதுகெலும்பில் இறங்கியது. "உரமாத்தான் இருக்கும்" என்றான்.

"கடையில உப்பு போகுதா?"

"எங்க போகுது!"

"எப்புடிப் போகும்? கொழம்புக்கு இனி உப்பே வேணாங்குறா எம் பொண்டாட்டி. மாரியாத்தா கொழாயிலயே அனுப்புறாளாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸரூக் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"சந்திக்காரங்க சார்பா நீங்களும் காவலுக்கு ஒக்காருங்க நானா. நாலு பேரு மதிக்கிற ஆளு."

இப்படியாக, திருடனைப் பிடிக்கத் திருடனே உட்கார்ந்தான். தூறல் விழுந்தது. கொட்டிலில் இருந்து மெல்லிய ஓடை ஒன்று புல்லுக்குள் நெளிந்து, அவன் கண் முன்னாலேயே தொட்டிக்குள் இறங்கியது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதைப் பார்க்காமல் இருப்பதே அவன் காவலாக இருந்தது.

ஜெமீலாவைப் பதுளைக்குக் கூட்டிப் போகலாமென்றால், மழையில் ரோடு சரிந்து பஸ் நின்றிருந்தது. கீழே ஆற்றுக்கு இறங்கி ஒரு வாளி சுமந்து வந்தான். ஜெமீலா குடித்துப் பார்த்து முகம் மலர்ந்தாள். பாதியை லயத்து இராக்கம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

"அவளுக்கும் மாசம் நெருங்கிட்டு. அவட கால் என்ட காலைவிட வீங்கி ஈக்கிது."

அடுத்த வாளி இன்னொருத்திக்குப் போனது. ஆற்றையே தூக்கி வந்தால்தான் இவள் வாய்க்கு ஒரு கோப்பை மிஞ்சும் போலிருந்தது.

அன்றைக்குப் பகல், "கண்ணுக்குள்ள பூச்சி பறக்கிது" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

ஸரூக் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மலையேறினான்.

"மாரிசாமி அண்ணே, தொட்டியத் தொறந்து விடுங்க. அடியோட."

"வெளையாடுறீங்களா? திரும்ப நெறையிற வரைக்கும் லயத்துல என்னத்தக் குடிக்கிறது? எதுக்குத் தொறக்கணும்?"

ஸரூக் ஒரு பொய் தேடினான். எல்லாச் சாமானிலும் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பவன். அன்று பொய் மட்டும் கையிருப்பில் இல்லை.

"உரமில்ல அண்ணே. உப்பு. என்ட உப்பு." கையைக் கொட்டில் பக்கம் நீட்டினான்.

ஆட்கள் ஏறிப் பார்த்தார்கள். வெறும் சாக்குகள், பிழிந்த துணி மாதிரி, சொட்டிக்கொண்டு வந்தன. மாரிசாமி கம்பை ஓங்கினார். ஸரூக் கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழுந்தது தொட்டியின் மரக்கட்டை அடைப்பின் மேல். தண்ணீர் இரைந்துகொண்டு வெளியேறியது.

"அதிகாரிமாருக்குச் சொல்லலையா அண்ணே?"

"சொன்னா கடைக்கு சீல் வச்சிருவானுங்க. அப்பறம் அரிசிக்கும் மாவுக்கும் நாங்க எங்க போறது? ஒங்ககிட்ட நாங்களும் மாட்டியிருக்கோம்ல. தொட்டி நெறையிற வரைக்கும் ஆத்துத் தண்ணி ஒங்க தோள்லதான். வயித்துப் புள்ளக்காரிகளுக்கு மொதல்ல. போங்க, உப்பு மொதலாளி."

அந்தப் பெயர் அவன் வீட்டு வாசலுக்கு அவனுக்கு முன்பே போய்விட்டது. ஜெமீலா ஆற்றுத் தண்ணீரில் பருப்பை அவித்துத் தட்டை முன்னால் வைத்தாள்.

"எப்படி ஈக்கிது?"

வாயில் வைக்கிற மாதிரியே இல்லை. "நல்லா ஈக்கிது" என்று மறுசோறு வாங்கிக்கொண்டான்.

தோள் கன்றிப்போன நாள்கள் சில கழிந்தன. ரோடு இன்னும் திறக்கவில்லை. ஒரு பின்னேரம் வாளியை இறக்கி வைத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து, விரலால் அமுக்கினான். பள்ளம் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தைய விடச் சுருக்கா நெறையிது, என்ன?" என்றாள் ஜெமீலா.

"ஓ, நெறையிது புள்ள" என்றான், தலையைத் தூக்காமல்.

வாழ்நாளில் முதல்தடவையாக, தான் சொன்னது பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான்.