உள்ளே இன்னொரு வட்டம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் அக்கா. "கண்டதையெல்லாம் எழுதறியேடா, இதையும் எழுது. ஆனா அது காசுன்னு எழுது."

காசு என்றால் கதை சுலபம். மூன்று வயதுக் குழந்தை காசை விழுங்குகிறது. வீடே அலறுகிறது. டாக்டர் சிரிக்கிறார். இரண்டு நாளில் காசு தானாக வெளியே வந்து... சே, எனக்குக் கை வரவில்லை.

(விழுங்கியது ரிமோட்டிலிருந்து கழன்று விழுந்த வட்டப் பேட்டரி. பார்க்க அசல் காசு மாதிரியே இருக்கும். பாழாய்ப்போனது, உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் சதையைப் பொசுக்கிவிடும்.)

2

மறுபடி தொடங்குகிறேன். வாயாடி எதையோ விழுங்கிவிட்டாள். வாயாடி என்றால் அக்கா மகள், தூக்கத்தில்கூடப் பேசுவாள்.

தரையில் சில்லறை சிதறிக் கிடந்ததால் காசுதான் என்று முடிவு கட்டிய அக்கா, வாழைப்பழம் ஊட்டிவிட்டுக் காத்திருந்தாள். மறுநாள் எச்சில் வழிய ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். "காசுன்னா ஒரு வட்டம்தான்மா தெரியும். இதுல பாருங்க, உள்ள இன்னொரு வட்டம் இருக்கு."

"இல்ல டாக்டர், காசுதான். நான் பார்த்தேன்."

அவள் பார்க்கவில்லை. (இந்த வரியை அடித்துவிடலாமா? அக்கா படிப்பாள்.)

3

மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். ஆனால் வெந்தது வெந்ததுதான். குரல்நாண்கள் அசையவில்லை. மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

வாயாடி இப்போது வாயை மட்டும் அசைக்கிறாள். பார்த்தால்தான் கூப்பிடுவது தெரியும். அதனால் அக்கா எந்த வேலையையும் குழந்தைக்கு முதுகு காட்டிச் செய்வதில்லை.

4

முடிவு ஒன்று: குரல் திரும்பிவிடுகிறது. (டாக்டர் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். அதைத் தாண்டி எழுத நான் யார்?)

முடிவு இரண்டு: குரல் கடைசிவரை... மாட்டேன், இதை எழுத மாட்டேன்.

இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பேட்டரி என்று வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, அப்படியே இருக்கட்டும்டா. கடைசியில மட்டும் அவ என்னைக் கூப்பிடற மாதிரி எழுது. ஒரே ஒரு தடவை. சத்தமா."

எழுதினேன். எவ்வளவு பெரிதாக எழுதினாலும் காகிதத்திலிருந்து சத்தம் வரவில்லை.

உங்களுக்குக் குரல் இருக்கிறது. கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த ஒரு சொல்லை மனதுக்குள் படிக்காதீர்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை. சமையலறையில் முதுகு காட்டி நிற்கும் ஒருத்திக்குக் கேட்கும்படி, வாய்விட்டு:

அம்மா