ஓட்டுபவரின் எடை

மலையேறும் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மெக்கானிக் கழற்றி மேசைமேல் வைத்ததும் அதிலிருந்து எண்ணெய் ஒழுகி, விரித்திருந்த செய்தித்தாளில் கைகூப்பிச் சிரித்த பிரமுகரின் முகத்தில் பரவியது. தலைவர் வேறு பக்கம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவுக்கு அவர்தான் தலைவர். 'சஸ்பென்ஷன் என்பது ஒரு தத்துவம்' என்று குழுவில் நீளநீளமாக எழுதுகிறவர். இதுவரை ஏறிய மலை, ஊர் மேம்பாலம். அதிலும் பாதிக்குமேல் இறங்கித் தள்ளினார்.

"எதுல இறக்குனீங்க சார்?" என்றார் மெக்கானிக்.

"செங்குத்தான இறக்கம் ஒண்ணு."

பூங்காவின் ஐந்து படிகள். கீழே ஒருவர் படம்பிடிக்கத் தயாராக நின்றிருந்தார்.

"புதுசு போட்டுரலாம். ஸ்பிரிங் மட்டும் ஓட்டுறவர் எடைக்குத் தகுந்த மாதிரி எடுக்கணும். கெட்டியா இருந்தா ஆளைத் தூக்கிப் போட்டுரும். அதுல ஏறி நில்லுங்க."

தலைவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினார். முள் அதைச் சட்டைசெய்யாமல் தொண்ணூற்றொன்றில் போய் நின்றது. மெக்கானிக் தடித்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து வைத்தார்.

"வண்டி என்னுது இல்ல. என் மச்சினனோடது."

ஏழு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, பூட்டுச்சாவியைக் கையில் கொடுத்து, "பாத்துக்கங்க மாமா" என்றிருந்தான் மச்சினன். சைக்கிளை மட்டும்தான் சொல்கிறான் என்று தலைவர் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மனைவி கிளம்பும்போதெல்லாம் தனக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது என்பார். அடுத்த வாரம் அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"அவர் என்ன எடை சார்?"

"எழுபத்தெட்டு." சொன்ன பிறகுதான் அது ஏழு மாதப் பழைய கணக்கு என்று உறைத்தது. மெஷினிலிருந்து இறங்காமலே போன் போட்டார்.

"மாப்ளே, இப்ப என்ன எடை இருக்கே?"



"அம்பத்தொண்ணு மாமா."

"அம்பத்தொண்ணா?"

"ஆமா. நீங்களாவது கேட்டீங்களே. அக்காகூட இப்பல்லாம் பயந்துக்கிட்டு கேக்குறதில்ல."

"சைக்கிள்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும் மாமா. ஓட்டுறதுக்குத் தெம்பு வரணும்ல. நீங்கதான் பத்திரமா வச்சிருக்கீங்களே."

மெக்கானிக் காதில் 'அம்பத்தொண்ணு' விழுந்திருந்தது. அலமாரியில் கைவிட்டுத் துழாவி, தடித்த ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒன்றை நிறுத்தினார். "இருக்கறதுலயே லேசானது இதான். சின்னப் பசங்க வண்டிக்குப் போடுறது. பழைய எடைக்குப் போடவா, இப்ப இருக்கறதுக்கா?"

தலைவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "மாப்ளே" என்றார். "சொல்லுங்க மாமா" என்று அவன் காத்திருந்தான். காலடியில் எடை முள் தொண்ணூற்றொன்றுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது.