பதினொரு விநாடி

கட்டுநாயக்கா விமானத் தளத்தில் புலிகள் வானத்திலிருந்து குண்டு போட்ட வருஷம் அது. பெரகலைக்கு மேலே மலையோரமாக ஒரு வெளிச்சம் பறந்து போனதை இராணுவ முகாமின் கேமரா பிடித்துவிட்டது. பாதுகாப்புத் தரப்பே அந்த வீடியோவை வெளியிட, டீவியில் ஒரு வாரமாக அதே பேச்சு. பலூன் என்றார் ஒருவர். வெள்ளிக் கிரகம் என்றார் ஒருவர். கேமராக் கண்ணாடியில் ஒட்டிய நீர் என்றும் சொன்னார்கள். ஆனால் அது அந்தரத்தில் பதினொரு விநாடி நின்று, பிறகு நகர்ந்தது. அதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

விஜயலெட்சுமியிடம் இருந்தது. மலை உச்சியிலிருந்து தேயிலை ஆலைக்குக் கொழுந்து மூட்டை இறங்கும் கம்பி அங்கே ஓடுகிறது. பனிமூட்டத்தில் மூட்டை வருவது கீழே நிற்பவனுக்குத் தெரியட்டும் என்று அவள் புருஷன் கஜேந்திரன் அதில் டார்ச்சைக் கட்டிவிட்டிருந்தான். நடுவே கம்பியை ஒட்டுப் போட்ட இடத்தில் கப்பி சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். போலீஸ் நம்பவில்லை. புலிக்கு வெளிச்சம் காட்டினான் என்று ஐந்து நாளாக உள்ளே வைத்திருந்தார்கள். விடிந்தால் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

காரணம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இராசையா. அதில் சிக்கி ஒருத்தன் கை போனதிலிருந்து கம்பியை ஓட்டக் கூடாதென்று மேனேஜர் துரை தடுத்திருந்தார். வேலை முடியட்டும் என்று திருட்டுத்தனமாக ஓட்டச் சொன்னவர் இராசையா. மூன்று வருஷமாக ஓடவில்லை என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரேதான்.

அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இன்ஸ்பெக்டரைப் பொழுது சாயும் நேரத்தில் மலைக்கு அழைத்து வந்தாள். இராசையாவும் பிரம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அவள் மூட்டையைக் கப்பியில் மாட்டும்போது பக்கத்தில் குனிந்தார்.

"கம்பிய வெட்டிருவாங்க. நாளையிலேருந்து பொம்பளைங்க தலையிலதான் சொமக்கணும். ஒன்னையத்தான் ஏசுவாளுக."

"ஏசட்டுங்க."

டார்ச்சை எரியவிட்டுத் தள்ளினாள். மூட்டை பனிக்குள் மறைந்தது. வெளிச்சம் மட்டும் தனியாக மிதந்து போனது. முகாமில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இன்ஸ்பெக்டரின் ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் வெளிச்சம் நின்றது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்று கடந்தது. இருபதும் கடந்தது. வெளிச்சம் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"கணக்கப்பிள்ளையா, அன்னைக்குத் தட்டுனாப்புல கம்பியத் தட்டுங்க."

இராசையா பிரம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். வாங்கிப் பார்த்தால், பிரம்பின் நுனியில் கம்பி அறுத்த தழும்பு வரிவரியாக, இன்னும் காயாத கிரீஸ் கறுப்போடு இருந்தது. அதே பிரம்பால் இன்ஸ்பெக்டரே கம்பியில் ஓங்கி ஒரு அடி போட்டார். வெளிச்சம் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. ரேடியோவில் சிங்களத்தில் ஒரு குரல், அதுவேதான் என்றது.

இரண்டு நாள் கழித்துக் கஜேந்திரன் வீடு வந்தான். அதற்குள் கம்பியை வெட்டிவிட்டார்கள். மூட்டை சுமந்து இறங்கிய பெண்கள் விஜயலெட்சுமிக்கு வழிவிட்டார்கள், ஏசவில்லை. அவள் தலையிலும் மூட்டைதான்.

அன்று மாலைச் செய்தியிலும் அதே வீடியோ ஓடியது. இன்னும் அடையாளம் தெரியாத பொருள்தானாம். வலது காதோரம் இன்னும் வீங்கியிருக்க, கஜேந்திரன் டீவி பக்கம் இடது காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

"கேக்கல, கொஞ்சம் கூட்டிவிடு" என்றான்.