டொமினிக்காவின் நாற்பதாவது உறை

வெள்ளிக்கிழமைக்குள் அந்த இலை எந்த மரத்தினுடையது என்று நான் சொல்லியாக வேண்டும். டொமினிக்கா தீவிலிருந்து எங்கள் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்கு வந்த நாற்பது உறைகளில் முப்பத்தொன்பதை முடித்தாயிற்று. நாற்பதாவதில் ஒரு காய்ந்த இலை. மேலே கரித்தூள் தூவினாற்போல் கரும்பூஞ்சை. சேகரித்த புண்ணியவான் உறைமேல் ‘மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தான். இந்தப் பூஞ்சைகள் ஆளுக்கொரு மரம் பார்த்து ஒட்டுபவை. மரம் தெரியாமல் பெயர் வைக்க முடியாது. பெயரில்லாவிட்டால் உறை அப்படியே திரும்பிப் போகும். எனக்கோ அது புதிய இனம் என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. பதினோரு வருடத்தில் எனக்கென்று ஒன்றுகூட வாய்த்ததில்லை.

பூஞ்சைமேல் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எங்கள் தொழிலில் நெயில் பாலிஷ் அதற்குத்தான். பூஞ்சை பளிச்சென்று தெரிந்தது, மரம்தான் தெரியவில்லை. இலையில் லவங்கப்பட்டை வாசனை அடித்ததால் பட்டைக் குடும்பத்தையே ஐந்து நாள் குடைந்தேன்.

வியாழக்கிழமை, ஸ்லைடு கழுவும் இசக்கிசெல்வி மேசை துடைக்க வந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

“மேடம், பிரியாணி எலையை எதுக்கு இப்படிப் போட்டுப் பாக்கீங்க?”

“என்ன இலை?”

“சர்வசுகந்தி. எங்க வீட்டுப் பொறத்தால மரமே நிக்கு. எங்க வீட்டுக்காரரு சாலை மார்க்கெட்டுல பிரியாணி வைக்கையில இதத்தான் போடுவாரு. நீங்க தின்னதில்லியா?”

தின்றதில்லை. என் வீட்டில் வெங்காயமே வாரத்தில் நாலு நாள்தான். டைரக்டர் நீலகண்டன் சார் வீட்டில் அதுவும் கிடையாது. இரண்டு சைவ மூக்குகள் மாறி மாறி முகர்ந்தால் விளங்கின மாதிரிதான்!

மறுநாள் காலை செல்வி பச்சை இலை கொண்டுவந்தாள். நரம்பு, எண்ணெய்ப் புள்ளி எல்லாம் அச்சு அசல். புத்தகங்களைப் புரட்டினேன். சர்வசுகந்தியே கரீபியன் பக்கத்திலிருந்து இங்கே வந்த மரம்தான். அந்த மரத்தில் இப்படியொரு பூஞ்சையை யாரும் பதிந்திருக்கவில்லை. புதிய இனம்! சந்தோஷத்தில் மைக்ரோஸ்கோப்புக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

லேபிளில் ‘மரத்தை இனங்கண்டவர்’ என்று ஒரு வரி உண்டு. பென்சிலால் முதலில் என் பெயரைத்தான் எழுதினேன். ஐந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டது நானல்லவா? எழுதியபின் வெட்கமாகிவிட்டது. அழித்துவிட்டு, மையால் ‘இசக்கிசெல்வி’ என்று எழுதினேன்.

கையெழுத்துப் போட வந்த நீலகண்டன் சார் பேனாவை நிறுத்தினார். “அனந்தலக்ஷ்மி, இதுக்கு ஆதாரம் என்னன்னு டொமினிக்காக்காரா கேட்டா என்ன சொல்லுவேள்?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து செல்வி சொன்னாள்: “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொல்லுங்க சாரே. ஒரு பிளேட்டு தின்னு பாக்கட்டும்.”

சார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பூஞ்சைக்குப் பக்கத்தில் என் பெயர், மரத்துக்குப் பக்கத்தில் அவள் பெயர். ஒரே உறையில் இருவரும் கடல் கடந்தோம்.